புளியந்தோப்பில் இரண்டு நாட்கள்

சங்கீதம் கேட்கச் சென்னைக்கு வருகிறவர்கள் மயிலாப்பூர்ப் பக்கம் தங்குவதே வழக்கம். நாம் தங்க நேர்ந்ததோ வடசென்னையில், புளியந்தோப்பில், அத்தான் வீட்டில். "இந்தப் பக்கத்தில் பார்க்கவும் கேட்கவும் என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். "எல்லாம் இருக்கிறது, டிக்கெட்டுத்தான் கிடையாது" என்றார் அத்தான்.

சனிக்கிழமை காலை எழும்பூர் சென்றோம். 1851-ல் தொடங்கிய அங்குள்ள காட்சிசாலைக்குப் பழைய சென்னைவாசிகள் இட்ட பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர்க் காலேஜ்'! ஆனால், திருவாலங்காட்டு நடராஜர் முன் நின்றபோது, இந்த இடத்தையா செத்தது என்றார்கள் என்று தோன்றியது. இம்மூர்த்தியின் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் மனமுருகி எழுதினார். அக்கட்டுரை அவர் காலமான பின், 1921-ல் வெளியாயிற்று.

அதே 1921-ஐ மாலையில் மறுபடி கேட்டோம். டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவர். பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில், 1996-ல் அது மூடும் வரை தறி ஓட்டியவர். அவரே நமக்குப் பிரசங்கியானார். 1918 ஏப்ரலில் வாடியா தலைவராகவும், திரு. வி. க. உபதலைவராகவும் இருக்க, இந்த ஆலைத் தொழிலாளருக்காகவே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு புறமும் ஏனையோர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கியும் வெடித்தது. "மொதலாளி ஜெயிச்சது அப்புறங்க. அதுக்கு முன்னாடியே நாங்க எங்களுக்குள்ள தோத்துட்டோம்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றார் பெரியவர்.

இரவு அடுத்த தெருவில் ஒரு துக்க வீடு. இறந்தவரின் வாழ்க்கையை டோலக் ஒலியுடன் கானாவாகப் பாடினார்கள் இளைஞர்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே சிரித்தும் விட்டார்கள். நம் கண்ணும் நனைந்தது.

ஞாயிறு காலை திருவொற்றியூர். வீணை குப்பையரின் விருந்தினராக வந்த தியாகராஜ சுவாமிகள், திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனங்கள் பாடிய ஸ்தலம். பிராகாரத்தில் ஒரு சிறுமி மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். சுருதிப் பெட்டி இல்லை, சுருதி இருந்தது.

நடராஜருக்குக் காட்சிசாலை உண்டு. கீர்த்தனங்களுக்குச் சிஷ்ய பரம்பரை உண்டு. ஆலை நிலத்திலோ அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அந்தப் பெரியவரின் சரித்திரத்துக்கு டீக்கடைப் பெஞ்சு ஒன்றே காட்சிசாலை. சென்னை வரும் நேயர்கள், அது இருக்கும்போதே ஒரு மாலை அங்கே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.