டவர் சாய்ந்தாலும் பேச்சு நிற்காது! கோடியக்கரை மணலில் 'ஹாம்' ரேடியோ

கோடியக்கரை,

கரண்டு வேண்டாம். செல்போன் டவர் வேண்டாம். கடற்கரை மணலில் உட்கார்ந்தபடியே சென்னையோடும் பேசலாம், சிங்கப்பூரோடும் பேசலாம்!

இது மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. 'ஹாம்' ரேடியோ என்று அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோ.

டிபன் பெட்டி அளவில் ஒரு ரேடியோ, ஒரு 12 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் தாமிரக் கம்பி. இவ்வளவுதான் சாமான். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் கோடியக்கரை மாதிரி கடலோர ஊருக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

அதன் விவரம் வருமாறு:-

கஜா அடித்த இரவு

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந்தேதி அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை ஏறியது.

தென்னந்தோப்புகள் தரைமட்டம் ஆயின. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. செல்போன் டவர்கள் சில சாய்ந்தன. சாயாமல் நின்ற டவர்களும் கரண்டு இல்லாமல் ஊமை ஆயின.

வெளியூரில் வேலை பார்த்த பிள்ளைகள், ஊரில் அப்பா-அம்மா என்ன ஆனார்களோ என்று தவித்தார்கள். கையில் செல்போன் இருந்தது. பேசத்தான் வழி இல்லை!

காரணம் என்ன?

செல்போன் நேராக இன்னொரு செல்போனோடு பேசுவது இல்லை. டவரோடு பேசுகிறது. டவருக்குக் கரண்டு வேண்டும், கேபிள் வேண்டும். நடுவில் ஒன்று அறுந்தாலும் எல்லாம் போச்சு.

ஹாம் ரேடியோவில் நடுவே ஆளே கிடையாது. இந்தப் பெட்டியில் கிளம்பும் சிற்றலை, வானத்தில் மின்னூட்டம் கொண்ட காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பி, தொலைவில் இருக்கும் அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேருகிறது. சுவரில் அடித்த பந்து திரும்பி வருகிற மாதிரி.

அந்தமானில் என்ன நடந்தது?

2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம். டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போனது. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் இதற்கு ஏற்பாடு செய்தது.

அந்தமானில் இருந்து ஹாம் பேச்சு கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்த நேரம். உலகம் முழுவதும் இருந்து ஹாம்கள் போட்டி போட்டுக்கொண்டு போர்ட்பிளேரைக் கூப்பிட்டார்கள்.

26-ந்தேதி காலையில் பூமி குலுங்கியது. சுனாமி வந்தது. டெலிபோன்கள் செத்தன.

விளையாட்டுக்குக் கொண்டு போன அதே பெட்டிதான் அப்போது கைகொடுத்தது. தீவுகளில் சிக்கியவர்கள் பற்றிய செய்திகளைத் தாய்நாட்டுக்கு அனுப்ப, ஹாம் குழுவினர் ராப்பகலாகப் பாடுபட்டார்கள்.

அதே சுனாமியில் இலங்கையின் அம்பாந்தோட்டையும் துண்டிக்கப்பட்டது. விக்டர் குணதிலக தலைமையில் அந்நாட்டு ஹாம்கள் களத்தில் இறங்கி, சிற்றலை மூலம் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

அன்றைய தினம் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலி ஆனார்கள். கோடியக்கரையில் இருந்த சோழர் காலத்துப் பழைய கலங்கரை விளக்கமும் இடிந்து விழுந்தது.

உப்புத் தண்ணீர் செய்யும் உதவி

ஹாம் ரேடியோவுக்குக் கோடியக்கரை எப்படிப்பட்ட இடம்? முதல்தரமான இடம்!

உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும். கடல் ஓரத்தில் செங்குத்தாக ஒரு ஏரியலை நட்டால், அலைகள் கடல் மட்டத்தை ஒட்டியே வெகுதூரம் கிளம்பிப் போகும். ஊருக்குள் நூறு வாட்டில் கஷ்டப்பட்டுப் பிடிப்பதை, இங்கே குறைந்த வாட்டிலேயே பிடிக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு லாபமும் இருக்கிறது. டவுனில் டியூப் லைட்டு, இன்வெர்ட்டர், மோட்டார் எல்லாம் சேர்ந்து ரேடியோவில் 'கர்ர்' என்று இரைச்சல் போடும். வெட்டவெளிக்கு வந்தால் அந்த இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். ஹாம்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கரையோரத்தில் ஏராளம். கடல் தாண்டி வரும் குரல் அவர்களுக்குப் புதிது அல்ல. பதில் சொல்வதுதான் புதிது!

மூங்கில் கழி போதும்

பகல் வேளையில் 7 மெகாஹெர்ட்ஸ் அலையில் சென்னை, மதுரை, பெங்களூர் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். அதற்குப் பக்கத்துக்கு 33 அடியாக இரண்டு துண்டுக் கம்பி வேண்டும். நடுவில் ஒரு மூங்கில் கழியை நட்டு, கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் சரித்துக் கட்டினால் ஏரியல் ரெடி.

14 மெகாஹெர்ட்சுக்குப் போனால் இதில் பாதி நீளம் போதும். வெளிநாட்டு ஆட்கள் அங்கேதான் அதிகம்.

5 வாட்டில், அதாவது ஒரு நைட் பல்பு எரிகிற சக்தியில், பல ஆயிரம் மைல் பேசுகிறவர்கள் உண்டு.

மின்கம்பி போகும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் கழியைத் தூக்கக் கூடாது. இடி இடித்தால் உடனே மூட்டை கட்டிவிட வேண்டும்.

கலங்கரை விளக்கத் திருவிழா

வெளியே போய்ப் பேசுவதற்கென்றே உலக அளவில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. 1998-ம் ஆண்டில் இருந்து ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் ஒரு வாரக் கடைசியில், பல நாட்டு ஹாம்கள் கலங்கரை விளக்கங்களில் கூடிப் பேசுகிறார்கள்.

மலை உச்சியில் ஏறி 4 பேரோடு பேசினால் மார்க்கு தரும் திட்டம், 2002-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. பூங்காவிலோ சரணாலயத்திலோ இருந்துகொண்டு ஒரே நாளில் 10 பேரோடு பேசும் திட்டமும் உண்டு.

கோடியக்கரையில் கலங்கரை விளக்கமும் இருக்கிறது, சரணாலயமும் இருக்கிறது.

போலீஸ் பிடிக்குமா?

லைசென்சு இல்லாவிட்டால் கட்டாயம் பிடிக்கும்!

இது எல்லையோரக் கடற்கரை. கடலோரக் காவல் போலீசாரின் ரோந்து உள்ள பகுதி. "யாருய்யா நீங்க, கம்பியும் கையுமா?" என்று கேட்டால் நீட்டுவதற்கு லைசென்சு வேண்டும். போவதற்கு முன்பே உள்ளூர் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். லைசென்சில் உள்ள முகவரியை விட்டு வெளியே போய்ப் பேசுவதற்கு என்ன விதி என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரணாலயத்துக்குள் போவதற்கு வனத்துறை அனுமதி தேவை. இங்கே வெளிமான்கள் இருக்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. பறவை பறக்கும் பாதையில் கம்பி கட்டுவது பாவம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கி-டாக்கி வாங்கிப் பேசுவதும் குற்றம் ஆகலாம். முறையான விவரம் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்றதாக, 2025-ம் ஆண்டு மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல இணைய வியாபார நிறுவனங்களுக்கு நோட்டீசு அனுப்பியது.

புது ஆளுக்கு வரவேற்பு

லைசென்சு வாங்குவது மலையைப் புரட்டும் வேலை அல்ல. மத்திய அரசின் தகவல் தொடர்புத் துறை தேர்வு நடத்துகிறது. கொஞ்சம் மின்சாரப் பாடம், கொஞ்சம் விதிமுறை. 'கட்டுக்கட' என்று மோர்ஸ் தந்தி அடிக்கத் தெரியாதவர்களும் முதல்படி லைசென்சு வாங்கலாம். தேறியவர்களுக்கு 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் இப்படி ஒரு குறி வைத்திருந்த ஹாம்தான்.

ஹாம் உலகத்தில் பெரியவர், சின்னவர் என்ற பேதம் இல்லை. குமாஸ்தாவும் டாக்டரும் ஒரே அலையில் பேசுவார்கள். வியாபாரம் பேசக் கூடாது. முடிக்கும்போது '73' என்பார்கள். 'வாழ்த்துக்கள்' என்று அர்த்தம்.

புதிதாக வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, லைசென்சு உள்ள ஒருவர் வெளியே ஏரியல் கட்டும்போது கூடப் போய்க் கம்பி பிடிப்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாள் கேட்டால், பாதிப் பாடம் தானாக வந்துவிடும்.

பழைய ஹாம்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வரவேண்டும். வேடிக்கை பார்க்கும் பையனை விரட்டாமல், காதில் ஹெட்போனை மாட்டிவிட வேண்டும்.

வங்கக் கடலில் புயல் சீசன் வருஷம் தவறாமல் வருகிறது. கடலோரத்தில் ஊருக்கு ஒரு ஹாம் இருந்தால், அடுத்த கஜாவின்போது ஒரு ஊராவது ஊமையாகாமல் இருக்கும்!