ஒரு கோள், பல உச்சரிப்பு

வீடியோ கேமில் ஒரு கற்பனைக் கோள். அதன் பெயர் திரையில் எழுத்தாக மட்டுமே வருகிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பீர்கள்?

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 'மெட்ராய்ட்' விளையாட்டில் இதுதான் சிக்கல். சாமஸ் என்ற வீராங்கனை விண்வெளிக் கொள்ளையர்களைத் தேடி ஒரு கோளுக்குப் போகிறாள். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'ஜேபெசு'. விளையாட்டு அமெரிக்காவுக்குப் போனதும், திரையில் 'ஜெபெத்' என்று வந்தது. கூடவே கொடுத்த கையேட்டிலோ 'ஜெபெஸ்'!

ஏன் இந்தக் குழப்பம்? ஆங்கிலப் பெயர்களின் கடைசியில் வரும் 'த்' ஒலி ஜப்பானிய மொழியில் கிடையாது. அதற்குப் பதிலாக 'சு' என்றே எழுதுவார்கள். எலிசபெத் மகாராணியே அங்கே 'எரிசபெசு' தான்! அதனால் 'ஜேபெசு' என்பதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது, கடைசியில் போட வேண்டியது 'ஸ்'-ஆ, 'த்'-ஆ என்று தடுமாற்றம்.

பின்னால் வந்த விளையாட்டுகளில் 'ஸ்' நிலைத்துவிட்டது. ஆனாலும் ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று கண்டுபிடிக்க முடியாதே! ஒருவர் 'ஜீபஸ்' என்பார், இன்னொருவர் 'ஜெபெஸ்' என்பார். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சண்டை போட்டால், நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்: ஜப்பானியப் பெயரில் முதல் எழுத்து நெடில். அதனால் 'ஜேபெஸ்' என்று சொல்பவருக்கே வெற்றி!