கப்பலில் வந்த பெட்டியைத் தொடலாமா?



நம்ம மணலி புதுநகரில் கன்டெய்னர் லாரியைப் பார்க்காதவர் யாரும் கிடையாது. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லரும், அங்கிருந்து வருகிற டிரெய்லரும் நம்ம பக்கத்து ரோடுகளில் இரவு பகல் பார்க்காமல் ஓடுகின்றன. நம்ம பள்ளியிலேயே பல பேருடைய அப்பா, மாமா, சித்தப்பா டிரைவராகவோ, லோடு இறக்குபவராகவோ, கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவராகவோ இருக்கிறார்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் ஒரு கேள்வி. "வெளிநாட்டுப் பெட்டியில கிருமி ஒட்டிக்கிட்டு வருமா? தொட்டா நமக்கும் வந்துடுமா?" பார்சலை வாசலிலேயே மூன்று நாள் போட்டு வைத்தவர்கள் உண்டு. பெட்டியோடு சேர்த்து, அதைத் தூக்கி வந்தவரையும் தள்ளி நிற்கச் சொன்னவர்கள் உண்டு. நாளைக்கு வேறொரு வைரஸ் வந்தால் இதே கேள்வி மறுபடியும் வரும். அப்போது பயத்தில் பதில் தேடுவதை விட, இப்போதே நிதானமாகத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது இல்லையா?

வைரஸ் பெட்டி மேல் என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது! வைரஸ் தானாகப் பெருகாது. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தால்தான் அது பெருகும். அட்டை, பிளாஸ்டிக், இரும்பு இவற்றின் மேல் அதற்குச் சாப்பாடும் இல்லை, வேலையும் இல்லை. நேரம் ஆக ஆகச் செயலிழந்து போகும்.

எவ்வளவு நேரத்தில்? அமெரிக்க விஞ்ஞானிகள் சோதனைக் கூடத்தில் பார்த்து, 2020 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். கொரோனா வைரஸ் எதன் மேல் எவ்வளவு நேரம் தாக்குப் பிடித்தது என்று பாருங்கள்:

செம்பு: 4 மணி நேரத்துக்குப் பிறகு இல்லை
அட்டை: 24 மணி நேரத்துக்குப் பிறகு இல்லை
பிளாஸ்டிக், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 72 மணி நேரம் வரை

"ஐயோ, 72 மணி நேரமா!" என்று பயப்பட வேண்டாம். அந்த 72-ஆவது மணியில் மிஞ்சியிருந்தது மிக மிகக் கொஞ்சம். எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கு நோட்டை எடுங்க!

பிளாஸ்டிக் மேல் ஏறக்குறைய 7 மணி நேரத்துக்கு ஒருமுறை வைரஸ் பாதியாகக் குறைகிறது. 1024 வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7 மணி நேரத்தில் 512. 14 மணி நேரத்தில் 256. இப்படியே பாதி, பாதியாகப் போனால் பத்தாவது முறை வெறும் 1 தான். பத்து முறை என்றால் 70 மணி நேரம், அதாவது மூன்று நாள்.

சீனாவிலிருந்து கப்பலில் சரக்கு சென்னை வந்து சேர பொதுவாகப் பத்து நாளுக்குக் குறையாது. அப்புறம் சுங்கச் சோதனை, யார்டில் காத்திருப்பு, லாரி, குடோன், கடை. அங்கே ஒட்டிய வைரஸ் இங்கே வந்து சேரும்போது கணக்கில் பூஜ்யம்தான். நம்ம ஊர் வெயிலில் இரும்புப் பெட்டகம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். சூடு கூடினால் இந்த வைரஸ் இன்னும் சீக்கிரம் அழியும்.

விமானத்தில் வரும் பார்சல்? 2022 ஜனவரியில் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஒருவருக்கு ஒமைக்ரான் வந்தது. கனடாவிலிருந்து வந்த தபாலால் தொற்றியிருக்கலாம் என்று அந்த நகர அதிகாரிகள் சொன்னார்கள். அந்தத் தபால் ஜனவரி 7-ல் கிளம்பி 11-ல் வந்தது. நான்கு நாள் என்றால் 96 மணி நேரம். நம்ம கணக்குப்படி கிட்டத்தட்ட 14 முறை பாதியாகியிருக்கும். 16,000 வைரஸ் இருந்திருந்தாலும் ஒன்றுதான் மிஞ்சும். வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் அந்த விளக்கத்தை ஏற்காததில் ஆச்சரியம் இல்லை.

கடைசியாகத் தொட்டது யார்?

இதுதான் முக்கியமான விஷயம். பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை விட, அதைக் கடைசியாக யார், எப்போது தொட்டார்கள் என்பதே சரியான கேள்வி. அமெரிக்காவில் தொட்ட கை போன வாரத்துக் கை. நம்ம தெருவில் தொட்ட கை இன்றைய கை. அதனால் வெளிநாட்டு முத்திரை குத்திய பெட்டிக்கு ஒரு சட்டம், உள்ளூர் மளிகைக் கடைப் பைக்கு ஒரு சட்டம் என்று வைப்பதில் அர்த்தமே இல்லை.

அந்த இன்றைய கையாலும் ஆபத்து குறைவுதான். கிருமி பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. நோய் பெரும்பாலும் பரவியது மனிதர்கள் விடும் மூச்சுக் காற்று வழியாகத்தான்.

நடந்ததைப் பாருங்க

1918-ல் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இந்தியாவுக்குக் கப்பல் வழியாகத்தான் வந்தது. அந்த ஜூன் மாதம் பம்பாயில் முதலில் படுத்தவர்களில் துறைமுகத்தில் காவல் பார்த்த போலீஸும் உண்டு. ஆனால் அதைக் கொண்டு வந்தது கப்பலில் வந்த மனிதர்கள், மூட்டைகள் இல்லை.

2020 மே மாதம் சென்னையின் 15 மண்டலங்களில் ராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா அதிகம். "துறைமுகம் பக்கத்துல இருக்கே, கன்டெய்னர்லதான் வந்திருக்கும்" என்று தோன்றும். காரணம் வேறு. குறுகிய சந்துகள், நெருக்கமான வீடுகள், ஒரே அறையில் ஐந்தாறு பேர், பல குடும்பத்துக்குப் பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. தள்ளி நில் என்றால் எங்கே தள்ளி நிற்பது?

கோயம்பேடு மார்க்கெட்டும் அப்படித்தான். அங்கே கூடிய கூட்டத்தில் நோய் பரவி, 2020 மே 5-ல் மார்க்கெட்டையே மூடினார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை அது போனது. கொண்டு போனது தக்காளிக் கூடை இல்லை. அங்கே நெருக்கி நின்று வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர்கள்.

ஒரு பூனைக் கதை: 2020 தொடக்கத்தில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு பொம்மைப் பெட்டகத்தில் உயிரோடு ஒரு பூனை இருந்தது! கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பிராணி நல அமைப்புகள் போராடின. கடைசியில் அந்தப் பூனை இங்கேயே விடுதலை ஆனது.

விதிவிலக்கு உண்டா?

உண்டு. குளிர். ஐஸில் வைத்தால் மீன் கெடாமல் இருப்பது போல, உறைகுளிரில் வைரஸும் நாள் கணக்கில் தாங்கும். 2020 அக்டோபரில் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் உறைந்த காட் மீன் பெட்டியின் வெளிப்பக்கத்தில் உயிருள்ள வைரஸைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே இந்தியாவிலிருந்து போன உறைந்த கணவாய்ப் பெட்டியில் வைரஸின் தடயம் இருப்பதாகச் சொல்லி, ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சரக்கை ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். ஆகவே குளிர்சாதன கன்டெய்னரில் நாள் முழுக்க சரக்கு இறக்குபவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும்.

அப்போ சரக்கால் நோயே வராதா?

அப்படியும் சொல்ல முடியாது. சில நோய்கள் சரக்கோடு பயணம் செய்யும். ஆனால் அட்டைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு இல்லை.

எலி: பிளேக் நோய் கப்பல் எலிகளோடும், அவற்றின் உடம்பில் இருந்த தெள்ளுப் பூச்சிகளோடும் ஊர் ஊராகப் போனது. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் கயிற்றில் வட்டமாக ஒரு தகடு மாட்டியிருப்பார்கள். எலி கயிற்றில் ஏறாமல் தடுக்கத்தான் அது!

கொசு முட்டை: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். இந்த இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக் கொசு, பழைய டயர்கள் வழியாகக் கடல் தாண்டிப் போய் 1985-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குடியேறியிருந்தது தெரிய வந்தது. நம்ம தெருவில் லாரி டயர் மழைத் தண்ணீரோடு கிடந்தால், எந்த வெளிநாட்டுப் பார்சலை விடவும் அதுதான் ஆபத்து.

புகை மருந்து: பூச்சியைக் கொல்ல சில பெட்டகங்களில் மெத்தில் புரோமைடு, பாஸ்பீன் போன்ற விஷ வாயுவைச் செலுத்துவார்கள். மெத்தில் புரோமைடுக்குப் பெரும்பாலும் வாசனையே தெரியாது. மண்டை ஓடு படம் போட்ட எச்சரிக்கை கதவில் இருந்தால், காற்றாட விட்டு, பரிசோதித்துப் பாதுகாப்பு என்று சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். யார்டில் வேலை செய்யும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்க.

மருந்தே விஷமாகலாம்

பயத்தில் செய்கிற காரியம் சில நேரம் நோயை விட மோசம். 2020 ஏப்ரலில் திருப்பூரில் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப் பாதை வைத்தார்கள். பார்த்துப் பல ஊர்களிலும் வைத்தார்கள். சில நாளிலேயே பொது சுகாதாரத் துறை இது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கண்ணும் தோலும் எரியும், பலனும் இல்லை.

வீட்டில் அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. பிளீச்சிங் பவுடரையும், கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீங்க! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்குழாயைப் பொசுக்கிவிடும். சாப்பிடும் காய், பழத்தின் மேலும் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

1. பார்சலைப் பிரித்து, மேல் அட்டையை உடனே குப்பையில் போடுங்க.
2. பிரித்து முடிக்கும் வரை கண், மூக்கு, வாயைத் தொடாதீங்க.
3. சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்க. கொரோனா வைரஸுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்குச் சட்டியைச் சோப்பு சுத்தம் செய்வது போல அந்த உறையையும் உடைத்துவிடும். உறை போனால் வைரஸ் காலி.
4. நோய் பரவும் காலத்தில் பார்சலை வாங்கும்போது முகக்கவசம் போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு நில்லுங்க. கொண்டு வந்தவருக்கும் அதுதான் பாதுகாப்பு.
5. காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காதீங்க. 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேளுங்க.

நான்காவதை இன்னொரு முறை படியுங்க. பார்சல் கொண்டு வருபவர் ஒரு நாளில் எத்தனையோ வாசலில் நிற்கிறார். அவரால் நமக்கு நோய் வருமோ என்று நாம் பயப்படுகிறோம். நம்மால் அவருக்கு வருமோ என்று யார் பயப்படுவது? ஊரடங்கில் எல்லோரும் கதவைச் சாத்தியபோதும் மருந்தும் அரிசியும் நமக்கு வந்து சேர்ந்தது டிரைவர்களாலும் லோடுமேன்களாலும்தான். அவர்களுக்குக் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் கொடுப்பது உதவி மட்டும் இல்லை, நோய்த் தடுப்பும் அதுதான்.

பெட்டியைத் தொடலாம். தொட்ட கையைக் கழுவணும். தூக்கி வந்தவரை ஒதுக்கக் கூடாது.