புதுச் சிஸ்டம் வருது, ஆட்களின் மணித்தியாலத்தை ஆர் கணக்குப் பார்த்தது?



இந்தக் கிழமை பொட்காஸ்டில அரசாங்க ஐடி பற்றிக் கதைச்சோம். நேரம் காணாமல் ஒரு கேள்வி பாதியில நின்றுபோச்சு. சமூக உதவி அலுவலகத்தில், அதாவது எங்கட வீடுகளில் "சோசியல்" என்று சொல்லுற இடத்தில், புதுச் சொஃப்ட்வெயார் வந்தால் ஏன் முதல் ஒரு வருசம் எல்லாம் குழம்புது? நான் கொன்ராக்டில் வேலை செய்யிற ஆள். இப்படியான அலுவலகங்களுக்குப் பழைய டேட்டாவைப் புதுச் சிஸ்டத்துக்கு மாற்றிக் குடுக்கிற வேலையும் செய்திருக்கிறன். அதனால இதைக் கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

பேர்னில் நடந்ததில் இருந்து தொடங்குவம். சூரிச், பாசல், பேர்ன் ஆகிய மூன்று நகரங்களும் சேர்ந்து, சமூக உதவிக் கோப்புகளைக் கையாள ஒரு பொதுச் சொஃப்ட்வெயாரைச் செய்வித்தன. பெயர் சிட்டிசொஃப்ட்நெட். யோசனை நல்லது. மூன்று இடத்திலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏன் மூன்று முறை காசு கொட்ட வேணும்? பேர்ன் நகரம் 2023 ஜூனில் இதற்கு மாறியது. அதற்குப் பிறகு பில்கள் தேங்கின, கொடுப்பனவுகள் பிந்தின. அலுவலர்கள் மூச்சு விட நேரமில்லாமல் நின்றார்கள். நிலைமையைச் சமாளிக்க மேலதிக ஆட்களும் மேலதிக காசும் தேவைப்பட்டன.

பில் பிந்தினால் என்ன பெரிய விசயம் என்று கேட்கலாம். சுவிஸ் சட்டப்படி வாடகை பிந்தினால், வீட்டுக்காரர் எழுத்தில் குறைந்தது 30 நாள் தவணை குடுப்பார். அதுக்குள்ளும் காசு வராட்டி, இன்னொரு 30 நாள் அறிவித்தலோடு மாத முடிவில் வீட்டை விடச் சொல்லலாம். அலுவலகத்தில் ஒரு பில் கணினிக்குள் சிக்கி நிற்கிற நேரம், ஒரு குடும்பத்தின் வீடு ஆபத்தில் நிற்குது.

ஒரு கோப்புக்குள் என்ன இருக்கு?

சுவிஸ் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, கஷ்டத்தில் இருப்பவருக்கு உதவி பெறும் உரிமையைத் தருகிறது. நடைமுறையை கன்ரோன்களும் கெமைண்டகளும் பார்க்கின்றன. எவ்வளவு காசு என்பதற்கு ஸ்கோஸ் என்ற அமைப்பின் வழிகாட்டல் இருக்கு. 2025இல் இருந்து தனி ஆளுக்கு அடிப்படைச் செலவுக்கு மாதம் 1,061 பிராங் என்பது அதன் பரிந்துரை. நான்கு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டுக்கு 2,271 பிராங். இதைவிட வாடகை, கிராங்கன்காசே, பல் வைத்தியம், பிள்ளைகளின் தேவை என்று ஒவ்வொன்றும் தனியாக வரும்.

கவனியுங்கோ, நான்கு பேருக்கு நான்கு மடங்கு கிடையாது. ஆகவே "ஒரு வீட்டில் ஆர் ஆர் இருக்கினம்" என்ற தகவல் பிழைத்தால் எல்லாக் கணக்கும் பிழைக்கும். இதில் எங்கட பெயர்கள் நல்ல சோதனை. அப்பாவின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகப் போயிருக்கும். அம்மாவுக்கு வேற குடும்பப் பெயர் இருக்கும். 20 எழுத்துக்கு மேல் போகும் பெயர் பழைய சிஸ்டத்தில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். 756 என்று தொடங்கும் 13 இலக்க ஏஹாவ் நம்பரை வைத்து ஆட்களை அடையாளம் பிடிக்கலாம். ஆனால் அந்த ஆட்கள் ஒரே குடும்பமா, வேற வேறயா என்று அந்த நம்பர் சொல்லாது.

நான்கு பேர் குடும்பம் தவறுதலாகத் தனி ஆள் ஒன்று, மூன்று பேர் வீடு ஒன்று என்று பிரிந்தால், மாதம் 700 பிராங்குக்கு மேல் கூடப் போகும். பிறகு ஒரு நாள் "திருப்பிக் கட்டுங்கோ" என்று கடிதம் வரும். சிவப்புப் பாஸ்போர்ட் எடுக்க நிற்கிறவைக்கு இது இன்னும் பாரதூரம். விண்ணப்பத்துக்கு முந்தின மூன்று வருசத்தில் எடுத்த சமூக உதவியைத் திருப்பிக் கட்டியிருக்க வேணும் என்பது கூட்டாட்சி விதி. சில கன்ரோன்களில் அந்தக் காலம் இதைவிட நீளம்.

இதைவிடக் கஷ்டமானது, அலுவலர் கையால் எழுதி வைத்த குறிப்புகள். "இந்த மாதத்தில் இருந்து வாடகையை நேரே வீட்டுக்காரருக்குப் போடவும்" என்று ஒரு வரி எங்கேயோ ஓர் ஓரத்தில் கிடக்கும். புதுச் சிஸ்டத்தில் அதுக்கு ஒரு தனிப் பெட்டி. இந்த வரி இப்பவும் செல்லுமா, போன வருசமே முடிஞ்சுதா என்று என்னுடைய ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அந்தக் கோப்பைப் பார்க்கிற அலுவலருக்குத்தான் தெரியும். அப்ப அந்த அலுவலர் கோப்பைத் திறந்து பார்க்க வேணும்.

சின்னக் கணக்கு ஒன்று

20 அலுவலர்கள் உள்ள ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்யுங்கோ. ஆளுக்கு 80 கோப்பு. ஒரு கோப்பைச் சரிபார்க்க அரை மணித்தியாலம் என்று வைத்தால், ஆளுக்கு 40 மணித்தியாலம். பயிற்சிக்கு இரண்டு நாள் சேர்த்தால் 56. பிறகு முதல் மூன்று மாதம் புதுத் திரையில் வேலை 20 வீதம் மெதுவாக நடக்குது என்று வையுங்கோ. அது நான்கு பேர் மூன்று மாதம் லீவில் நிற்பதற்குச் சமன். ஆனால் வாசலில் வாற ஆட்கள் குறைய மாட்டினம்.

நான் பார்த்த திட்ட ஆவணங்கள் பலவற்றில் லைசென்ஸ், சேர்வர், என்னைப் போன்றவர்களின் கட்டணம் எல்லாம் பிராங் கணக்கில் துல்லியமாக இருக்கும். இந்த மணித்தியாலங்கள் மட்டும் எங்கேயும் இராது. "வழமையான வேலையோடு சேர்த்துச் செய்யப்படும்" என்று ஒரு வசனம் இருக்கும். அந்த வசனத்தைக் கண்டாலே எனக்குப் பயம்.

இதையும் தாண்டி, சிஸ்டம் வர முதலே ஆட்களைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று கனடா காட்டியிருக்கு. அங்கே 2016இல் மத்திய அரசு ஊழியர்களின் சம்பளத்துக்கு பீனிக்ஸ் என்ற சிஸ்டம் வந்தது. வருசத்துக்கு 70 மில்லியன் டொலர் மிச்சம் பிடிக்கலாம் என்பது கணக்கு. அதை நம்பி, திணைக்களங்களில் இருந்த 1,200 வரையான சம்பள அலுவலர் பதவிகளை எடுத்துவிட்டு, மிராமிச்சி என்ற ஊரில் சுமார் 550 பேரோடு ஒரு மையம் திறந்தார்கள். நேரத்தையும் காசையும் மிச்சம் பிடிக்க, முன்னோட்டப் பரீட்சையைக் கைவிட்டார்கள், சில செயற்பாடுகளையும் வெட்டினார்கள். பல ஆயிரம் பேருக்குச் சம்பளம் குறைவாகவோ கூடவோ வந்தது, சிலருக்கு வரவே இல்லை. பழைய ஆட்களின் தலைக்குள் இருந்த அனுபவம் அவர்களோடயே வீட்டுக்குப் போயிருந்தது. 2018இல் கணக்காய்வாளர் நாயகம் மைக்கல் ஃபெர்குசன் இதை விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார்.

வின்டர்தூர் என்ன செய்தது?

எங்கட பக்கத்திலயே மறுபக்க உதாரணம் ஒன்று இருக்கு. வின்டர்தூர் நகரம் 2015இல் தொடங்கி, சூரிச் பயன்முறை விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு பரீட்சை செய்தது. வழமையாக ஒரு சமூகப் பணியாளருக்கு நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகள். பரீட்சைக் குழுவில் அதை 75 ஆகக் குறைத்தார்கள். கோப்பு ஒன்றுக்கான செலவு குறைந்தது. காரணம் மாயம் இல்லை. நேரம் இருந்தால் அலுவலர் "இவருக்கு இயலாமைக் காப்புறுதி கிடைக்க வேணுமே", "இவர் இந்தப் பயிற்சி செய்தால் வேலை எடுப்பாரே" என்று பார்க்கிறார். நகரம் பிறகு மேலதிகமாக ஆட்களை எடுத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. அலுவலரின் நேரம்தான் இந்தத் துறையில் விலை கூடிய பொருள். நல்ல சொஃப்ட்வெயார் அந்த நேரத்தைத் திருப்பித் தரும், ஆனால் முதலில் அதைக் கடனாக எடுக்கும். அந்தக் கடனை வரவு செலவுத் திட்டத்தில் எழுதாவிட்டால், வாடகைக்குக் காத்திருக்கிற குடும்பம்தான் அதைக் கட்டும்.

உங்களில் கனபேர் கெமைண்டயில் கேவி படிக்கிறீங்கள், சிலர் சமூகப் பணி, சிலர் ஐடி. நாளைக்கு இப்படி ஒரு திட்டக் கூட்டத்தில் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கோ. கோப்புகளைச் சரிபார்க்க ஆளுக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கு? அந்த நேரம் அவரின் வழமையான வேலையை ஆர் செய்யிறது? முதல் மாதம் பணம் போகாவிட்டால் கையால் குடுக்க வழி இருக்கா?

வீட்டில் அம்மா அப்பாவுக்குக் கடிதம் வாசிச்சுச் சொல்லுறவைக்கும் ஒன்று. உங்கட அலுவலகம் சிஸ்டம் மாற்றுது என்று அறிவித்தால், அடுத்த கணக்குத் தாளில் வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கை, பெயர்கள், வாடகைத் தொகை மூன்றையும் சரிபாருங்கோ. வாடகை பிந்தினால் அலுவலகத்திடம் எழுத்தில் உறுதி வாங்கி, வீட்டுக்காரருக்கு உடனே அனுப்புங்கோ. 30 நாள் தவணைக் கடிதம் வந்தால் அன்றைக்கே அலுவலகத்துக்கு அறிவியுங்கோ.

கேள்வி இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த எபிசோட்டில் எடுக்கிறம்.