நடுவில் ஒரு துளை

1940. இங்கிலாந்தின் வானம். பிரிட்டனின் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் விடாமல் துரத்த, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் சட்டென்று மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாயும். துரத்துகிறவரும் அப்படியே கவிழ்த்தால் அவருடைய எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். சில சமயம் நின்றே போகும். எதிரி தப்ப அந்தச் சில நொடிகள் போதும்.

ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே எழும்புமே, அதுதான் எஞ்சினுக்குள்ளும் நடந்தது. ஸ்பிட்ஃபயரின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் மிதவை உண்டு. மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் மிதக்கும் பந்து குழாயை அடைக்கிறதல்லவா, அதே வேலைதான் இதற்கும். விமானம் திடீரெனக் கவிழ்ந்தால் பெட்ரோல் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் எஞ்சின் எரிபொருளின்றி ஒரு கணம் தவிக்கும். பிறகு மிதவை கீழிறங்கி வால்வு அகலத் திறக்க, பம்ப் பெட்ரோலைக் கொட்டிவிடும். எஞ்சின் அதில் மூழ்கும். ஜெர்மன் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது.

அந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் ஒரு பெண். போர்க்காலப் பெண்கள் என்றதும் செவிலியரையும் வெடிமருந்து ஆலைகளில் உழைத்தவர்களையும் நினைக்கிறோம். அந்த வரிசையில் பியாட்ரிஸ் ஷில்லிங்கையும் வைக்க வேண்டும். பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கியவர். மான்செஸ்டரில் பொறியியல் படித்தவர். ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் வென்றவர். ஃபார்ன்பரோவின் அரச விமான ஆய்வு நிறுவனத்தில் கார்புரேட்டர்தான் அவருடைய துறை.

அவர் செய்தது ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. நடுவில் ஒரு துளை. முழுச் சக்தியில் ஓடும்போது எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிக்குமோ, அவ்வளவுக்கே அந்தத் துளை வழிவிடும். வால்வு எவ்வளவு திறந்தால் என்ன, அதற்கு மேல் வராது. மிதவையைத் தொடவே இல்லை! இந்த எளிமை எனக்குத் தீராத வியப்பு. விமானத்தைப் பணியிலிருந்து நிறுத்தாமலே எரிபொருள் குழாயில் மாட்டிவிடலாம். 1941 தொடக்கத்தில் ஷில்லிங்கும் அவருடைய சிறு குழுவும் விமானத் தளம் தளமாகப் போய் மாட்டினார்கள்.

அந்த முதல் கணத் தவிப்பு மட்டும் மிச்சமிருந்தது. 1943-இல் புதுவகைக் கார்புரேட்டர் வரும்வரை, விமானிகள் மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தது அந்தத் துளையை நம்பித்தான்.