பாலாற்றங்கரை ஊர்கள் – 17: சட்டத்தில் இன்னும் ஒலிக்கும் தமுக்கு

சாவுச் செய்தியும் காப்புக் கட்டும் அறிவிப்பும் பாலாற்றங்கரை ஊர்களில் எவ்வாறு பரவின என்பது முந்தைய பகுதிகளில் சொல்லப்பட்டது; தொடர்ந்து வாசித்து வருவோருக்கு அதை மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்தைப் பற்றி எழுதுவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பேருந்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊருக்குள் செய்தியைக் கொண்டுவந்த தமுக்கின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி இன்னும் சொல்லப்படாமல் இருக்கிறது. அது சட்டப் புத்தகங்களுக்குள் இருக்கும் பகுதி என்பதால், அதை விட்டுவிட்டு மேலே செல்வது முறையாகாது.

பிறப்பு, திருமணம், சண்டை, சமரசம், பசு கன்று ஈன்றது, கிணற்றில் ஊற்றுக் கண் திறந்தது ஆகிய செய்திகள் யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல் வீட்டுக்கு வீடு சென்றன. அவற்றுக்குத் தமுக்கு தேவைப்பட்டதில்லை. வரி கட்டுவதற்கான கெடு, ஏரி மீன் ஏலம், புளியமரக் குத்தகை, தடுப்பூசி முகாம், வருவாய்க் கணக்குகளை ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் சரிபார்த்து மக்களிடம் மனுக்கள் பெறும் ஜமாபந்தி நாள் போன்றவைதாம் தமுக்கொலியோடு தெருவுக்கு வந்தன. அதாவது, மேலிருந்து கீழே இறங்கும் செய்திகளுக்கு மட்டுமே தமுக்கு உரியதாக இருந்தது. அந்தச் செய்தியை ஏவியவர்கள் மணியக்காரரும் கர்ணமும். முன்னவர் வரி வசூலையும் ஊர்க் காவலையும் கவனித்தவர், பின்னவர் நிலக்கணக்கு எழுதியவர். பெரும்பாலும் பரம்பரை வழியில் வந்த இந்தப் பதவிகள் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவானது. ஏவப்பட்டவரோ வெட்டியான் என அழைக்கப்பட்ட ஊர்ப் பணியாளர். சேரியில் பிறந்த காரணத்தாலேயே பிணக்குழி வெட்டுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, சாவு சொல்லப் போவது, தமுக்கு அடிப்பது ஆகிய வேலைகள் அவர் தலையில் விழுந்தன; கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடப்பட்ட தானியம். தெருமுனைகளில் நின்று தமுக்கை முழக்கி, "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்கிய அந்தக் குரலின் வழியே அரசு பேசியது; அந்தக் குரலுக்கு உரியவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச இடம் இருந்ததில்லை.

தோல் தொழிலால் பெயர்பெற்ற இந்த வட்டாரத்தில், தமுக்காக முழக்கப்பட்ட பறைக்குரிய தோல் மட்டும், பதனிடும் தொழிற்சாலையான தோல் ஷாப்புக்குள் போனதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆவாரம் பட்டையிலோ, பின்னாளில் வந்த குரோம் உப்பிலோ ஊறிப் பதப்பட்ட தோல் மென்மையாகிவிடும். அதிலிருந்து கூர்மையான ஓசை எழாது. ஆகவே பறைக்கு, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்திய பச்சைத் தோலே பயன்பட்டது. வட்டமான மரச்சட்டத்தில் ஒட்டப்பட்ட அந்தத் தோல் காற்றின் ஈரத்தால் தளர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் வைக்கோல் தீ மூட்டிக் காய்ச்சி முறுக்கேற்றினர். பிறகு ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறு கையில் குட்டையான தடித்த குச்சியும் கொண்டு அடித்தனர். இவ்வளவு நுட்பமான கைத்திறன் தேவைப்பட்ட ஒரு வேலை, இழிவான வேலையாகவே எண்ணப்பட்டு வந்தது.

2022 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்கள் மூலை முடுக்கெல்லாம் செல்லக்கூடிய இக்காலத்தில் தமுக்கடித்து அறிவிக்கும் தண்டோரா வழக்கம் தேவையற்றது என்றும், அதற்குக் கடுமையான தடை விதிக்க வேண்டும் என்றும், மீறி ஆட்களை அதில் ஈடுபடுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் ஊர்களுக்கும் அந்தக் கடிதம் பொருந்தியது. ஒரு பரம்பரை வேலையை ஒரே கடிதத்தில் நிறுத்திய அந்த முடிவு பாராட்டுக்குரியது; தாமதமாக வந்தது என்பது மட்டுமே அதன் குறை.

ஆனால் கடிதம் தெருவில் ஒலித்த தமுக்கைத்தான் நிறுத்த முடியும். சட்டத்தில் எழுதப்பட்ட தமுக்கை நிறுத்த முடியாது. 1908-இல் இயற்றப்பட்டு 1909 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, வழக்கில் வென்றவர் தீர்ப்பை எவ்வாறு நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று விரித்துரைக்கும் மிக நீண்ட பகுதி. அதன் 54-ஆம் விதி ஜப்தியைப் பற்றியது. கடன்பட்டவர் தம் நிலத்தையோ வீட்டையோ விற்கவும் அடகு வைக்கவும் முடியாதபடி நீதிமன்றம் முடக்கிவைப்பதே ஜப்தி. அந்த உத்தரவு, சொத்து உள்ள இடத்திலோ அதற்கு அருகிலோ தமுக்கடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கப்பட வேண்டும் என்றும், அதன் நகல் சொத்தின் மீதும் நீதிமன்றக் கட்டடத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்றும், அரசுக்குத் தீர்வை செலுத்தும் நிலமானால் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்றும் விதி கூறுகிறது. 1976-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, கிராமத்து நிலமானால் கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நகல் ஒட்டப்பட வேண்டும் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது, தமுக்கு நீக்கப்படவில்லை.

அந்த ஒரு விதியோடு தமுக்கு நின்றுவிடவில்லை. கூட்டாக அனுபவிக்கும் சொத்தில் ஒருவருக்குச் சுவாதீனம் கொடுப்பது பற்றிய 35-ஆம் விதியிலும், குத்தகைதாரர் வசம் உள்ள சொத்தைப் பற்றிய 36-ஆம் விதியிலும் அது உண்டு. ஏல அறிவிப்பு பற்றிய 67-ஆம் விதி, 54-ஆம் விதியில் சொன்ன முறையிலேயே அறிவிக்க வேண்டும் என்பதால் அங்கும் தமுக்கு வந்துவிடுகிறது. இந்த ஒலி வெறும் சடங்கு அன்று. ஏலத்தை அறிவித்ததிலோ நடத்தியதிலோ பெருங்குறையோ மோசடியோ நேர்ந்து, அதனால் ஒருவருக்குக் கணிசமான இழப்பு ஏற்பட்டதென்று மெய்ப்பித்தால், 90-ஆம் விதியின்படி ஏலத்தையே ரத்துசெய்யக் கோரலாம். ஆகவே தமுக்கே அடிக்கப்படவில்லை என்பது நிலத்தை இழந்தவர்கள் நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுப்பிய வாதமாயிற்று. தமுக்குக்கான கூலியை வழக்கில் வென்றவரிடம் வசூலிப்பதும், உத்தரவை நேரில் சென்று நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா, தம் அறிக்கையில் தமுக்கு அடித்தவரின் கையெழுத்தையோ கைரேகையையோ வாங்கி இணைப்பதும் வழக்கத்தில் இருந்தன. சேரியிலிருந்து வந்த ஒரு கூலியாளின் கட்டைவிரல் ரேகை, பல ஏக்கர் நஞ்சை கைமாறுவதற்கான சான்றாக நீதிமன்றக் கட்டுகளில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இந்தச் சமூகம் ஒரே மனிதரின் மீது எவ்வளவு நம்பிக்கையையும் எவ்வளவு இழிவையும் ஒருசேரச் சுமத்தியிருந்தது என்பது தெளிவாகிறது.

ஜப்தித் தமுக்கு ஊரில் ஏற்படுத்திய விளைவு வேறு எந்தச் செய்தியாலும் ஏற்படாதது. கடன் என்பது குடும்பத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் இடையே மறைவாக இருந்த விஷயம். தமுக்கு அடிக்கப்பட்ட அன்று சர்வே எண்ணும் பரப்பும் கடன் தொகையும் தெருவில் உள்ள சிறு குழந்தைக்கும் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் தயங்க வேண்டியிருந்த ஒருவரை, நிலவுடைமையாளரின் வாசலில் நின்று உரக்கப் பேசும்படி நீதிமன்றமே அழைத்துவந்தது. அவமானம் நிலத்தை இழந்தவருக்கு. அதைச் சொன்ன பழியோ தமுக்கு அடித்தவருக்கு.

செய்தி அறிவிப்பவர் எல்லாக் காலத்திலும் இப்படித் தாழ்ந்திருந்ததில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் முதல் காதையான விழாவறை காதையில், புகார் நகரின் இந்திர விழாவை அறிவிக்கும் முரசம் யானையின் பிடரியில் ஏற்றப்படுகிறது. அதை முழக்கி நகரை வாழ்த்தி அறிவிப்பவன் தொன்மையான குடியில் பிறந்தவனாகப் போற்றப்படுகிறான். யானை மேலிருந்து அறிவித்த மரபு எந்தக் கட்டத்தில் சேரிக்குள் தள்ளப்பட்டது என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. இத்தொடரில் அதற்கு இடமில்லை.

தோல் வட்டாரத்து வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. நடுவண் அரசு 2006 செப்டம்பர் 14 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஒரு தொழிற்சாலை வருவதற்கு முன்பு சுற்றுப்புற மக்களின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணையின் முறையை வகுத்தது. அதன் அட்டவணையில் தோல் பதனிடும் தொழிலும் இடம்பெற்றுள்ளது. செய்தித்தாள் சென்று சேராத பகுதிகளில் பொது விசாரணை பற்றி மக்களுக்குத் தமுக்கடித்தும், வானொலி, தொலைக்காட்சி வாயிலாகவும் தெரிவிக்க வேண்டும் என்று அந்த அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பு கூறுகிறது. 1908-இல் கடனாளியின் நிலத்தை ஏலம் விட அழைக்கப்பட்ட தமுக்கு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், மக்கள் தம் மண்ணையும் நீரையும் பற்றிப் பேச வரும்படி அழைப்பதற்கும் தேவைப்பட்டது. தமுக்கு மேலிருந்து கீழே மட்டும் பேசாமல், கீழிருப்பவரைப் பேச அழைத்த சட்ட இடம் என்று இதைச் சொல்லலாம்.

அந்த அழைப்பு இந்த ஊர்களுக்கு மிகவும் தாமதமாக வந்தது என்பதே வருத்தத்துக்குரியது. 1970-களில் பதனிடாத, அரைகுறையாகப் பதனிட்ட தோல்களின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாகப் பதனிட்ட தோலின் உற்பத்தி பெருகியபோது, ஆவாரம் பட்டையின் இடத்தைக் குரோம் உப்பு பிடித்தது. கழிவுநீர் பாலாற்று மணலிலும் ஏரிகளிலும் இறங்கியது. கிணற்று நீர் உவர்த்துப்போன செய்தியை எந்தத் தமுக்கும் அறிவிக்கவில்லை. நீர் சேந்தும் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அது ஊர் ஊராகப் பரவியது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வை எடுத்துக்காட்டி, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. எஞ்சிய இழப்பீட்டை வழங்கும்படி உச்ச நீதிமன்றம் மீண்டும் 2025 ஜனவரி 30 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது. கடனாளியின் நிலம் முடக்கப்பட்டால் அன்றே ஊர் முழுவதும் அறியச் செய்த சட்டம், அந்த நிலமே விளையாமல் போனபோது பல ஆண்டுகள் மௌனமாக இருந்தது.

அடுத்தவர் செய்தியைச் சுமக்கும்படி விதிக்கப்பட்டவர்கள் தம் செய்தியைத் தாமே வெளியிட்ட வரலாறும் இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907-இல் வெளிவந்தது. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குச் சென்ற தொழிலாளர்களிடையே அயோத்திதாசரின் எழுத்துக்கும் பௌத்த இயக்கத்துக்கும் ஆர்வமிக்க வாசகர்கள் இருந்தனர். சென்னையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாகத் தங்கவயல் பக்கம் சென்ற இரயில் பாதையின் இரு முனைகளிலும் அச்சிட்ட தாளும் பணவிடையும் பயணம் செய்த காலத்தில், ஊருக்குள் தமுக்கு இன்னும் பழைய கட்டளைகளையே சொல்லிக்கொண்டிருந்தது. தங்கவயல் பற்றிய பகுதி பின்னர் விரிவாக வரும்.

இன்று ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி மௌத்து எனும் சாவுச் செய்தியையும் ஜனாஸா எனும் இறுதித் தொழுகையின் நேரத்தையும் அறிவிக்கிறது. ஊர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் வாட்ஸ்அப் குழுவும் சாவு சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டன. பஞ்சாயத்து அறிவிப்புக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வருகிறது. தமுக்கு அடித்தவர் சேரியில் வாழ்ந்தவர் என்பதால், செய்தி எதுவாயினும் அது சேரிக்கும் தெரிந்தே தீரும். ஆட்டோவோ தார்ச்சாலை முடியும் இடத்திலேயே திரும்பிவிடக்கூடும். இழிவை ஒழித்த மாற்றம் செய்தியையும் ஒழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது பஞ்சாயத்தின் கடமை.

சட்டத்தில் செய்ய வேண்டிய திருத்தமும் எளியதே. 54-ஆம் விதியில் வழக்கமான வேறு முறைக்கும் இடம் இருப்பதால், தமுக்கு என்ற வாசகத்தை நீக்கி ஒலிபெருக்கியையும் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையையும் அங்கே எழுதுவதால் எவருடைய உரிமையும் குறையாது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைக்கும் இதுவே பொருந்தும். கம்பெனிப் பேருந்து பற்றிய பகுதி அடுத்த வாரம் வெளிவரும். அதற்கிடையில் இந்த ஊர்களில் வாழும் வாசகர்கள் ஒன்று செய்யலாம்: 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையின் அடுத்த கூட்டத்தில் கலந்துகொண்டு, அறிவிப்பு வாகனம் சேரியின் கடைசித் தெரு வரை செல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து, அதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவுசெய்யும்படி கேட்க வேண்டும்.