மலக்குடல் இறக்கமும் மலச்சிக்கலும்

மலக்குடல் தன் பிடிப்பை இழந்து, சுவர் முழுவதுமாக ஆசனவாய் வழியே வெளியே வருவதுதான் மலக்குடல் இறக்கம். தொடக்கத்தில் முக்கும்போது மட்டும் இறங்கித் தானே உள்ளே போய்விடும். பிறகு கையால் தள்ளிவிட வேண்டியிருக்கும். முற்றிய நிலையில் நடந்தாலோ இருமினாலோகூட வெளியே வரும். ஆசனவாயில் எது தென்பட்டாலும் 'மூலம்' என்று சொல்வது ஊர்வழக்கம். அதனால் களிம்பிலும் லேகியத்திலும் பல ஆண்டுகள் வீணாகின்றன. வெட்கத்தில் வீட்டாரிடம்கூடச் சொல்லாதவர்களும் உண்டு. வெளிவந்த சதையில் மடிப்புகள் வட்டம் வட்டமாக இருந்தால் அது மலக்குடல். மூலத்தில் மடிப்புகள் மையத்திலிருந்து விரிந்து தனித்தனியாகத் தெரியும். மருத்துவர் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

மேலை நாடுகளில் இது பெரும்பாலும் முதிய பெண்களின் நோய். இந்தியாவில் இளம் ஆண்களிடமும் கணிசமாகக் காணப்படுகிறது. சிறு குழந்தைகளுக்கு வந்தால் மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு ஆகியவற்றைச் சரிசெய்தாலே அநேகமாக அடங்கிவிடும். பெரியவர்களுக்கு முழு இறக்கம் மருந்தால் தீராது. அறுவை சிகிச்சைதான் வழி.

மலச்சிக்கல் இங்கே காரணமாகவும் விளைவாகவும் இருக்கிறது. முக்கி முக்கிக் குடல் இறங்குகிறது. இறங்கிய குடல் வழியை அடைக்க, இன்னும் முக்க வேண்டியிருக்கிறது. சிலருக்கோ பெருங்குடலே மெதுவாக இயங்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கத்தியை எடுப்பது சரியல்ல.

ஆசனவாய் வழியாகவே செய்யும் பழைய முறைகளில் ஒன்று, பிரெஞ்சு இராணுவ மருத்துவர் டெலோர்ம் 1900இல் விவரித்தது. முழு மயக்கமருந்தைத் தாங்காத முதியவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் இறக்கம் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். வயிற்று வழியே மலக்குடலை மேலிழுத்து, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்போடு பொருத்தும் முறையில் பிடிப்பு உறுதியானது. சிக்கல் அங்கேதான் எழுகிறது. குடலின் பின்புறத்தையும் பக்கவாட்டுத் தசைநார்களையும் பிரித்தெடுக்கும்போது அவற்றில் ஓடும் நரம்புகள் அறுபடலாம். இறக்கம் நின்றுவிடும், ஆனால் முன்பு இல்லாத மலச்சிக்கல் வரலாம், இருந்தது மோசமாகலாம். நோயாளிக்கு இது பெரிய ஏமாற்றம்.

இதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு. ஒன்று, மலக்குடலுக்கு மேலே நீண்டு தொங்கும் சிக்மாய்டு குடலில் ஒரு பகுதியை வெட்டிவிட்டுப் பொருத்துவது. மலச்சிக்கல் குறையும், ஆனால் தையல் கசியும் அபாயம் உண்டு, மலத்தை அடக்க முடியாதவர்களுக்கும் பொருந்தாது. மற்றது, பெல்ஜியத்தின் லூவன் நகர அறுவை மருத்துவர் டி'ஹூரும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட லேப்ராஸ்கோப்பி (நுண்துளை அறுவை) முறை. மலக்குடலின் முன்சுவரை மட்டும் பிரித்து, வலைத்துண்டு ஒன்றால் திரிக எலும்போடு இணைக்கிறார்கள். பின்புற நரம்புகள் தப்புவதால் பலருக்கு மலச்சிக்கல் தணிகிறது. வலை அரிக்கும் ஆபத்து அரிதாக உண்டு.

எனவே அறுவைக்கு முன் மலம் கழிக்கும் வழக்கத்தை மருத்துவரிடம் கூச்சமின்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கொலோனோஸ்கோப்பி செய்து புற்றுநோய் இல்லையென உறுதிசெய்வதும் அவசியம். சென்னையை அடுத்த படப்பை, ஒரகடம் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பொது அறுவைப் பிரிவை அணுகலாம்.

அறுவை முடிந்தாலும் நார்ச்சத்து, தண்ணீர், மருத்துவர் தரும் மலமிளக்கி ஆகியவை தொடர வேண்டும். முக்கவும் பளு தூக்கவும் கூடாது. மெதுவாக இயங்கும் குடலுக்கு அறுவைக்குப் பிறகும் தனிச் சிகிச்சை தேவைப்படும். அறுவைக்குக் காத்திருக்கும் காலத்தில், வெளிவந்த குடல் உள்ளே போகாமல் வீங்கிக் கறுத்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.